48 கேமரா போட்டால் திருடன் தானாகச் சிக்குவானா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் மூன்று தெரு, இரண்டு சந்து. அறுபது கடைக்காரர்கள் பணம் போட்டு 48 கேமரா வைக்கப் போகிறார்கள். விலைப்புள்ளி கொடுத்தவர், "எல்லாமே ஏஐ. பிக்பாக்கெட்காரன் ஒரு கேமராவில் தெரிந்தால் போதும், அடுத்தடுத்த கேமராவில் சிஸ்டமே அவனைத் தொடர்ந்து போகும், முகத்தைப் பார்த்து போனுக்கு அலர்ட் வரும்" என்றாராம். எத்தனை மெகாபிக்ஸல் வாங்கலாம், 48 போதுமா, ஏற்கெனவே இருக்கிற பதினொரு அனலாக் கேமராவை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. பல இடத்தில் இருக்கிற கேமராக்கள் சேர்ந்து ஒரே கண்ணாக வேலை செய்யுமா, அதை நம்பிப் பணம் போடலாமா?

பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, நாலு கேமராவைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான். பதினெட்டு வருடமாக மதுரையிலும் சுற்றியும் ஜவுளிக்கடை, குடோன், மண்டபம், மில் என்று போட்டிருக்கிறேன். இப்போது கேமரா விற்பதில்லை, வரைபடம் போட்டுக் கொடுப்பதும் மற்றவர்கள் போட்டதைச் சரிபார்ப்பதும்தான் தொழில். ஏஐ மாடல்களை நானே பயிற்றுவித்தவன் இல்லை. அவற்றை வாங்கிப் பொருத்தி, தெருவில் என்ன ஆகிறது என்று பார்த்தவன். அந்தப் பகுதியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெகாபிக்ஸலை விட்டுவிடுங்கள். ஒரு சம்பவம் நடந்த பிறகு நீங்கள் கேமராவிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? "அங்கே யாராவது இருந்தார்களா" என்று கேட்கலாம். "நம்ம கடைப் பையன் மாதிரி இருக்கிறதே, அவன்தானா" என்று கேட்கலாம். "இந்த முகம் தெரியாத ஆள் யார், கோர்ட்டில் காட்ட முடியுமா" என்றும் கேட்கலாம். மூன்றுக்கும் வேண்டிய பிக்ஸல் வேறு வேறு. ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு இதை மீட்டர் கணக்கில் பிரித்து வைத்தது. ஆள் இருப்பது தெரிய ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்ஸல், தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, தெரியாதவரை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250. சாதாரண 4 மெகாபிக்ஸல் கேமராவின் படம் 2560 பிக்ஸல் அகலம். 250-ஆல் வகுத்தால் பத்து மீட்டர் சொச்சம். அதாவது காட்சியின் அகலம் பத்து மீட்டரைத் தாண்டினால் அடையாளம் போய்விட்டது. 2.8 எம்எம் லென்ஸ் போட்ட கேமராவில் அந்தப் பத்து மீட்டர் அகலம் சுமார் ஐந்து மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். 4 எம்எம் என்றால் ஏழரை மீட்டர். 12 எம்எம் என்றால் இருபது மீட்டருக்கு மேல். சென்சார் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கணக்கு இதுதான். உங்கள் விலைப்புள்ளியில் 48 கேமராவும் 2.8 எம்எம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தெரு முழுக்க அழகாகத் தெரியும். ஆறாவது மீட்டரில் நிற்கிறவரின் முகம் அடையாளத்துக்குத் தேறாது.

இன்னொன்று உயரம். கைக்கு எட்டக் கூடாது என்று கேமராவை ஆறு மீட்டர் உயரத்தில் மாட்டுவார்கள். ஆறு மீட்டர் தள்ளி நடக்கிறவரை அது முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சரிந்து பார்க்கும். தலையும் தோளும் தெரியும், தொப்பி போட்டிருந்தால் தொப்பி தெரியும். முகம் வேண்டுமென்றால் சரிவு பதினைந்து டிகிரிக்குள் இருப்பது நல்லது. மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டினால் அதே ஆறு மீட்டர் தூரத்தில் பதின்மூன்று டிகிரிதான் வரும். எட்டிப் பிடுங்குவார்களே என்றால், அதை இன்னொரு கேமரா பார்க்கும்படி வையுங்கள்.

மூன்றாவது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாக ஷட்டரை ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இழுத்துக்கொள்ளும். படம் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும். சாதாரணமாக நடக்கிறவர் அந்த நேரத்துக்குள் நாலரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகம் பதினொரு பிக்ஸல் அளவுக்கு இழுபடும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் 28 சென்டிமீட்டர் நகரும். நம்பர் பிளேட்டில் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். அதனால் நம்பர் பிளேட்டுக்குத் தனி கேமரா, ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு அல்லது இன்னும் வேகமாக, இரவுக்குச் சொந்தமாக இன்ஃப்ராரெட் வெளிச்சம். முகத்துக்கான கேமராவில் குறைந்தது நூறில் ஒரு பங்கு வையுங்கள். படம் இருட்டாகத் தெரிகிறது என்று கடைக்காரர்கள் குறை சொல்வார்கள். அந்த இடத்தில் இரண்டு எல்இடி விளக்கு போட்டுவிட்டால் சரி.

இந்தக் கணக்கோடு நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் 48 தேவைப்படாது. உங்கள் பகுதிக்குள் வரவும் போகவும் ஒன்பது வாய் இருக்கிறது என்கிறீர்கள். ஒவ்வொரு வாயிலும் உள்ளே வருகிற முகத்துக்கு ஒன்று, வெளியே போகிற முகத்துக்கு ஒன்று, ஆகப் பதினெட்டு. வண்டி நுழையக்கூடிய நாலு வாயில் நம்பர் பிளேட்டுக்கு நாலு. நடுவில் நடப்பதை அகலமாகப் பார்க்க ஆறு. மொத்தம் 28. மிச்சமாகும் பணத்தை லென்ஸ், விளக்கு, ஃபைபர், பேட்டரியில் போடுங்கள். கேமரா எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிற ஆலோசகரைச் சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். "பக்கத்துத் தெருவில் அறுபது போட்டிருக்கிறார்களே" என்பார்கள்.

சரி, தொடர்ந்து போகும் விஷயத்துக்கு வருவோம். பல கேமரா சிஸ்டங்களில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் கேமராக்களின் காட்சி ஒன்றன் மேல் ஒன்று விழுவது. நகைக்கடை ஹால் அப்படி. அங்கே வேலை சுலபம். தரையில் நாலு புள்ளியைக் குறித்து, அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு கேமராவின் படத்திலும் எங்கே விழுகின்றன என்று சொல்லிக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தரையில் எங்கே நிற்கிறார் என்று சிஸ்டம் கணக்குப் போட்டுவிடும். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பது ஒரே ஆள்தானே. ஆடை, முகம் எதுவும் வேண்டாம். இது நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் பேனர் கட்ட ஏறிய பையன் கேமராவை ரெண்டு டிகிரி தட்டிவிட்டுப் போனால் கணக்கு மொத்தமும் பிசகும், அதை யாராவது கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை உங்களுடையது. ஒரு கேமராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே யாரும் பார்க்காத தூரம் இருக்கிறது. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர். ஒரு காகிதத்தில் கேமராக்களைப் புள்ளியாக வையுங்கள், நடந்து போகக்கூடிய வழிகளைக் கோடாக இழுங்கள். விளக்குத்தூண் முக்கில் தெற்கு மாசி வீதிப் பக்கம் திரும்பினவர் அடுத்து எந்தப் புள்ளியில் தலைகாட்ட முடியும்? ஒன்றிலோ இரண்டிலோதான். தூரம் 90 மீட்டர் என்றால் நிதானமாக நடக்கிறவருக்கு எழுபத்தைந்து விநாடி. ஓடினால் இருபது. நடுவில் ஜிகர்தண்டா குடிக்க நின்றுவிட்டால் பதினைந்து நிமிடம். ஆக ஒவ்வொரு கோட்டுக்கும் 'பெரும்பாலும் இவ்வளவு நேரத்தில் வருவார், சில சமயம் ரொம்பத் தாமதமாக வருவார்' என்று ஒரு நேரக் கணக்கு உண்டு. ஊரில் நடமாடுகிற ஆயிரக்கணக்கான பேரிலிருந்து அந்த நேரத்துக்குள் அந்தப் புள்ளியில் தோன்றிய ஐம்பது பேராக இது வட்டத்தைச் சுருக்கிவிடும். ஏஐ வருவதற்கு முன்பே வேலை செய்த கணக்கு இது, இன்றும் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

கோடு போடும்போது இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பைக்கூட நுழையாத குறுகல் சந்து ஒன்று எங்காவது இருக்கும், விலைப்புள்ளி கொடுத்தவரின் கூகுள் வரைபடத்தில் அது இருக்காது. இன்னொன்று, இரண்டு வாசல் கடைகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில் திறக்கிற கடை உங்கள் பகுதியில் குறைந்தது நாலாவது இருக்கும். கடைக்குள் நுழைந்தவர் உங்கள் வரைபடத்தில் மாயமாகி, சம்பந்தமே இல்லாத தெருவில் முளைப்பார். அந்தக் கடைகளையும் கோடாகப் போட வேண்டும், அல்லது பின்வாசலில் ஒரு கேமரா வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுக்க நிற்பது கடிகாரத்தின் மேல். இதில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு ஒரு மொத்த வியாபாரக் கடை. முன்வாசலுக்கு ஒரு டிவிஆர், பின்னால் குடோனுக்கு வேறொரு வருடத்தில் போட்ட இன்னொரு டிவிஆர். இரண்டையும் போட்டது நான்தான். ஒருநாள் கல்லாவிலிருந்து பணப்பை போய்விட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தால், பை காணாமல் போன நேரத்துக்குச் சரியாக ஒரு லோடுமேன் குடோன் வழியாக வெளியே போகிறார். முதலாளி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, அந்த இரண்டு டிவிஆருக்கும் ஏழு நிமிட வித்தியாசம். அவர் வெளியே போனபோது பை கல்லாவிலேயே இருந்திருக்கிறது. திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார். என்னைப் பார்த்தால் மட்டும் இன்றுவரை பேச மாட்டார்.

ஏழு நிமிடம் எப்படி வரும் என்றால், சாதாரண ரெக்கார்டரின் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு விநாடி பிசகினால் ஒரு வருடத்தில் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிடும். ஆளே பார்த்தால் இது வம்பு. சிஸ்டம் பார்த்தால் இன்னும் மோசம், எழுபத்தைந்து விநாடிக் கணக்கில் ஓடுகிற நேரக் கோடுகள் மொத்தமும் பொய்யாகும். தீர்வு ரொம்ப மலிவு. எல்லாக் கேமராவும் ரெக்கார்டரும் என்டிபி என்ற முறையில் ஒரே இடத்திலிருந்து நேரம் வாங்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பெட்டியோ ரெக்கார்டரோ அந்த வேலையைச் செய்யட்டும், அது இணையத்திலிருந்து திருத்திக்கொள்ளட்டும். செட்டிங்கில் ஒரு பக்கம்தான். நான் சரிபார்க்கப் போகிற பத்து இடத்தில் ஆறு ஏழில் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது விலைப்புள்ளிக்காரர் சொன்ன ஏஐ. நேரக் கணக்கு ஐம்பது பேராகச் சுருக்கித் தருகிறது அல்லவா, அந்த ஐம்பதில் நம் ஆள் யார் என்று தோற்றத்தை வைத்துச் சொல்வதற்கு 'ரீ-ஐடி' என்று பெயர். உடையின் நிறம், பை, உடல்வாகு ஆகியவற்றை எண்களாக மாற்றி ஒப்பிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 95 சதவீதத்துக்கு மேல் என்று பார்ப்பீர்கள், அது பொய் இல்லை. அந்த எண் பெரும்பாலும் மார்க்கெட்-1501 போன்ற தொகுப்பிலிருந்து வருவது. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு கேமராவில் எடுத்த 1501 பேரின் படங்கள், 2015-இல் வெளியானவை. அங்கே பயின்ற மாடலை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனால் துல்லியம் கணிசமாக விழும் என்பதையும் அதே துறைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். வெளிச்சம் வேறு, கேமராக் கோணம் வேறு, உடை வேறு.

உடை என்றதும் நம் ஊரை யோசியுங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் மீனாட்சி கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஐயப்ப பக்தர்களின் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தாடி, தோளில் துண்டு. ஒரு வேனிலிருந்து இறங்கும் இருபது பேரை நம் கண்ணாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. தேரோட்டத்தன்று வெள்ளை வேட்டி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சீருடை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெற்கு மாசி வீதியில் ஆள் முழுதாகத் தெரியவே மாட்டார், தலை மட்டும்தான் மிதக்கும். பிக்பாக்கெட் நடப்பதும் அதே நாட்களில்தான். சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் ரீ-ஐடி நன்றாகவே வேலை செய்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். திருவிழா நாளில் அதை நம்பி ஒருவரைப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். 'இவர்தான்' என்று அது ஒருவரைக் காட்டும்படி அமைக்காமல், ஒத்துவருகிற பத்துப் பேரை வரிசையாகக் காட்டும்படி அமைக்கச் சொல்லுங்கள். பார்த்துத் தீர்மானிப்பது மனிதர் வேலை. ஆறு மணி நேரம் பிளேபேக் ஓட்டிக் கண் வலிக்கத் தேடியது இருபது நிமிடமாகக் குறையும். கொடுக்கிற காசுக்கு அந்த இருபது நிமிடமே பெரிய விஷயம் என்பது என் கருத்து.

முக அடையாள அலர்ட்டை மட்டும் வேண்டாம் என்றே சொல்வேன். கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு இருபதாயிரம் முகம் அந்த ஒன்பது வாயையும் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டம் ஆயிரத்தில் ஒரு முறைதான் தவறாகப் பொருத்தும் என்றாலும் தினமும் இருபது அலர்ட். இருபது பேரும் துணி எடுக்க வந்த வாடிக்கையாளர்கள். யார் போய் அவர்களை நிறுத்துவது? தவறான பொருத்தம் எல்லா மக்களுக்கும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019-இல் பல மென்பொருள்களைச் சோதித்து, இனக்குழுவைப் பொறுத்துப் பிழை பல மடங்கு மாறுகிறது என்று அறிக்கை கொடுத்தது. போதாததற்கு, 'சந்தேக நபர் பட்டியல்' ஒன்றைக் கடைக்காரர் சங்கம் வைத்துக்கொள்வது சட்டச் சிக்கலுக்கு நாமே வாசல் திறப்பது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்த வேலை காவல்துறையுடையது, அவர்களே செய்யட்டும்.

அலர்ட் பற்றியே இன்னொரு அனுபவம். ஒரு குடோனில் 'கோடு தாண்டினால் மணி' என்று அமைத்துக் கொடுத்தேன். சோதனையில் பிரமாதம். நாலாவது நாள் போனால் காவலாளி, "அண்ணே, ராத்திரி பூரா செல்லு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுண்ணே, சைலண்ட்ல போட்டுட்டேன்" என்றார். நாய், மாடு, காற்றில் ஆடும் சாக்கு, எல்லாவற்றையும்விடச் சிலந்தி. இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸின் முன்னால் வலை கட்டும், இரவில் அந்த வலை கேமராவுக்கு வெள்ளைப் பேய் மாதிரி தெரியும். மனிதர், வாகனம் என்று பிரித்தறிகிற இன்றைய கேமராக்கள் இதில் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் தெருவில் பகல் நேர அலர்ட்டுக்கு அர்த்தமே இல்லை. கடை அடைத்த பிறகு இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை, இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் வையுங்கள். ஒரு இரவுக்கு இரண்டு அலர்ட்டுக்கு மேல் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அறிவு எங்கே உட்கார வேண்டும் என்பதும் வடிவமைப்புதான். ஆள், வண்டி என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கேமராவுக்குள்ளேயே விடுங்கள். அது படத்தோடு சேர்த்து 'இந்த விநாடி, இந்த இடம், சிவப்புச் சட்டை' என்று சிறு குறிப்பை அனுப்பும். கேமராக்களுக்கு இடையே தேடுகிற வேலை நடுவில் ஒரு கணினியில். எல்லா வீடியோவையும் ஒரே சர்வருக்கு இழுத்து அங்கே அலசுவது விலையும் அதிகம், சூடும் அதிகம். சங்கக் கட்டிடத்து மாடிப்படிக்கு அடியில் ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதத்து மதுரை வெயிலை அந்தப் பெட்டி தாங்காது.

நெட்வொர்க் கணக்கு சின்னதுதான். 4 மெகாபிக்ஸல், எச்.265 என்ற வீடியோ சுருக்க முறை, விநாடிக்கு 15 பிரேம் என்றால் ஒரு கேமராவுக்குச் சராசரி 3 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 3 மெகாபிட்) என்று வையுங்கள், நெரிசலில் கூடும். 28 கேமராவுக்கு 84 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் திணறும், கிகாபிட் வேண்டும். நாளொன்றுக்குக் கேமராவுக்கு 32 ஜிபி, முப்பது நாளுக்கு மொத்தம் 27 டிபி. 12 டிபி டிஸ்க் நாலு போட்டு, ஒன்று பழுதானாலும் பதிவு தப்பிக்கும்படி அமைத்தால் 36 டிபி நிற்கும். கேபிளில் ஏமாறாதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைச் செம்பு என்று விற்பார்கள். நூறு மீட்டர் எல்லைக்குள்ளேயே மின்சாரம் இறங்கி, இரவில் இன்ஃப்ராரெட் எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து வரும். நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் கொடுக்கிற பிஓஇ சுவிட்சில் எட்டு போர்ட் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல் மொத்தம் எத்தனை வாட்ஸ் கொடுக்கும் என்று பாருங்கள். எட்டுப் போர்ட்டும் 60 வாட்ஸும் என்றால் ஆளுக்கு ஏழரைதான்.

கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர்தான். கோடை மழையில் இடி விழுந்தால் செம்புக் கம்பி வழியாக ஒரு தெருவின் சுவிட்ச் எல்லாம் ஒரே அடியில் போகும், கண்ணாடி இழையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் மாசி வீதியைக் குறுக்கே தாண்டி மேலே இழுக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சித்திரைத் தேர் வருகிற வீதி அது. தேருக்கு வழிவிட உங்கள் ஃபைபரை அறுத்துத்தான் எறிவார்கள், அதில் தப்பும் இல்லை. வீதியின் இரண்டு பக்கத்தையும் தனித்தனி வலையாக வைத்து, மாடிக்கு மாடி வயர்லெஸ் இணைப்பில் சேர்க்கலாம். அல்லது மாநகராட்சி அனுமதியோடு தரைக்கு அடியில் போகலாம். மின்சாரத்துக்கு எல்லாம் சேர்த்து 500 வாட்ஸுக்குள் வரும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு இருந்தால் நாலைந்து மணி நேரம் ஓடும்.

பாதுகாப்பையும் சட்டத்தையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. கேமரா வலையைக் கடைகளின் பில்லிங் வலையிலிருந்து பிரித்து வையுங்கள், ரெக்கார்டரை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சான்று கட்டாயம், பில்லோடு அந்தச் சான்று எண்ணையும் கேளுங்கள். பதிவு கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் 'ஹாஷ்' எண் அதில் வர வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் வாரிசு அது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோ அதற்கு உதவாது. இதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள், நான் கம்பி இழுப்பவன். கடைகளுக்கு மேல்மாடியில் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஜன்னல் விழும் இடத்தை மறைக்கிற வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு, அதைப் போட்டு அவர்களிடம் காட்டியும் விடுங்கள்.

பழைய பதினொரு அனலாக் கேமராவைத் தூக்கிப் போட வேண்டாம். அனலாக்கையும் ஐபி எனப்படும் நெட்வொர்க் கேமராவையும் சேர்த்து வாங்குகிற ரெக்கார்டர்கள் கிடைக்கின்றன. அவற்றை முகத்துக்குப் பயன்படுத்தாமல், நடுத்தெருவில் கூட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வையுங்கள். நான் சொன்ன ஆறு அகலக் கேமராவும் அதிலேயே தேறிவிடும், புதிதாக வாங்குவது 22 ஆகக் குறையும். நேரம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணி, நல்ல கூட்டம். உங்கள் பையன் ஒருவனைச் சாதாரணச் சட்டையில் அனுப்புங்கள். ஒரு வாயில் நுழைந்து, ஒரு கடையில் ஐந்து நிமிடம் நின்று, இரண்டு வாசல் கடை ஒன்றுக்குள் புகுந்து, வேறொரு வாய் வழியாக வெளியே போகட்டும். அவன் எங்கே நுழைந்தான் என்பதை மட்டும் விலைப்புள்ளிக்காரரிடம் சொல்லி, எங்கே எப்போது வெளியேறினான் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் முகம் தெளிவாகத் தெரிகிற படத்தோடு சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் ஆனால் லென்ஸையும் கடிகாரத்தையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று தடவை நடந்து பார்த்தால் இன்னும் நல்லது.

தெரு வரைபடத்தைக் கையால் வரைந்து படமெடுத்து இங்கேயே போட்டால் பார்த்துச் சொல்கிறேன். சந்துகள், பின்வாசல் கடைகள், மின்கம்பங்கள், தேர் திரும்பும் முக்கு, நாலையும் குறித்துவிடுங்கள்.